புதிய மடையும் பழைய கணக்கும்

(அய்யனார் கோவில் மலையடிவாரத்தில், ஊராட்சிப் பணியில் ஈடுபட்டோரும் விவசாயிகளும் கூடிய கூட்டத்தில் நிகழ்த்திய உரை)





நாம் இன்று கூடியிருக்கும் இடம் நீர் காத்த அய்யனார் எழுந்தருளியிருக்கும் மலையடிவாரமாகும். மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து இறங்கிவரும் ஆறு இக்கோவிலின் அருகே ஓடுகிறது. அந்த நீர் ஆறாவது மைல் நீர்த்தேக்கத்தில் சேர்ந்து இராசபாளையம் நகர மக்களின் தாகத்தைத் தணிக்கிறது. மழைக் காலத்தில், இங்கே வெயில் காய்ந்துகொண்டிருக்கும் பொழுதே, மலையின் மேல் பெய்த மழை திடீரென்று வெள்ளமாக வந்துவிடுவதுண்டு. அக்காலங்களில் ஆற்றைக் கடந்து கோவிலுக்குச் செல்லலாகாது என்று வனத்துறையினர் தடுத்துவிடுகின்றனர். ‘நேற்று முழங்கால் அளவு நீரில் கடந்த இடந்தானே’ என்று எண்ணி இன்றும் இறங்குகிறவன் அபாயத்தில் சிக்குவான். இடம் பழைய இடமே. ஆயினும் ஓடும் நீர் நேற்றைய நீர் அன்று.

நான் இன்று பேச எடுத்துக்கொண்ட பொருளுக்கும் இந்த எச்சரிக்கை பொருந்தும். அலுவலகக் கணினியில் வைத்திருக்கும் பதிவேட்டைப் பழைய பதிப்பிலிருந்து புதிய பதிப்புக்கு மாற்றுகிறோம். அப்பொழுது அதனுள் நாம் முன்பே எழுதிவைத்த மேக்ரோக்களும் கட்டளை நிரல்களும் பழையபடியே பிழையின்றி வேலை செய்யுமா என்பதுதான் கேள்வி.

‘இது எழுத்தருடைய கவலையாயிற்றே, ஏர் பிடிக்கிற நமக்கு இதில் என்ன?’ என்று சிலர் நினைக்கக்கூடும். அன்பர்களே, வீட்டு வரி, குடிநீர்க் கட்டணம், பால் கூட்டுறவுச் சங்கத்தில் ஊற்றிய பாலின் கிரயம், சங்கத்தில் வாங்கிய உரத்தின் பாக்கி, மகளிர் குழுவின் சேமிப்பு ஆகிய யாவும் இன்று ஏதாவதொரு கணினிப் பதிவேட்டில் ஏறியிருக்கின்றன. ஊராட்சிக் கணக்குகளுக்கென்றே 2020ஆம் ஆண்டு ஏப்ரல் 24ஆம் நாள், தேசிய பஞ்சாயத்து ராஜ் தினத்தன்று, ‘இ-கிராம் ஸ்வராஜ்’ என்னும் ஏற்பாடு தொடங்கப்பட்டது. இத்தகைய பெரிய ஏற்பாடுகள் நீங்கலாக, சிறிய சங்கங்களிலும் அலுவலகங்களிலும் ஆக்ஸெஸ், எக்ஸெல் முதலிய சாதனங்களைக் கொண்டு உள்ளூரிலேயே அமைத்துக்கொண்ட பதிவேடுகளும் உண்டு. நான் சொல்லப்போவது பெரும்பாலும் அவற்றைப் பற்றியது. கணக்கு தவறினால் இழப்பு எழுத்தருக்கு அன்று. பெயர் விட்டுப்போன குடியானவருக்கே.

மேக்ரோ என்பது என்ன?

மேக்ரோ என்றால் ஏதோ மாயமென்று எண்ண வேண்டியதில்லை. ‘வரிப் பட்டியலைத் திற, பாக்கியுள்ளோரைப் பிரித்தெடு, அறிவிப்புச் சீட்டை அச்சிடு’ என்று வரிசையாகச் சொல்லிவைத்த கட்டளைகளின் கோவையே மேக்ரோ. ஒருமுறை சொல்லிவைத்தால் ஆயிரம் முறை சலிப்பின்றிச் செய்யும். நிரல் என்பது இதனினும் விரிவானது. ‘இப்படியானால் இதைச் செய், அப்படியானால் அதைச் செய், தவறு நேர்ந்தால் இவ்வாறு தெரிவி’ என்று நுணுக்கமாக எழுதப்படுவது.

இவற்றை வாய்க்கால் மடைக்கு ஒப்பிடலாம். ஒரு வாய்க்காலின் அகலத்தையும் ஆழத்தையும் பார்த்துத்தான் மடை கட்டுகிறோம். பின்னர் வாய்க்காலை அகலப்படுத்தினால், மடை தன் இடத்திலேயே பழுதின்றி நிற்கும். ஆனால் கடைமடை வயலுக்கு முன் சென்ற அளவு நீர் செல்லுமென்று சொல்ல முடியாது. மடையும் கெடவில்லை, வாய்க்காலும் கெடவில்லை. இரண்டுக்கும் இருந்த பொருத்தம் கெட்டுவிட்டது. பதிவேட்டைப் புதுப்பிக்கும்பொழுது நேரும் பிழைகளிற் பல இவ்வகையைச் சேர்ந்தவை.

ஒரு மூதாட்டியின் ரசீது

பல ஆண்டுகளுக்கு முன் நான் பணிபுரிந்த ஓர் அலுவலகத்தில் நடந்ததைச் சொல்கிறேன். அங்கே வீட்டு வரிப் பதிவேடு பழைய ஆக்ஸெஸ் பதிப்பில் இருந்தது. அதைப் புதிய பதிப்புக்கு மாற்றினோம். மாற்றும் நிரலை எழுதியவர்களில் நானும் ஒருவன். ஒரே நாளில் வேலை முடிந்தது. பிழையென்று கணினி ஒரு சொல்லும் சொல்லவில்லை. எல்லோரும் மகிழ்ந்தோம்.

சில மாதங்கள் கழித்து ஒரு மூதாட்டி வந்தார். வீட்டைப் பழுதுபார்க்க உதவி கோரி விண்ணப்பித்திருந்தார். அதற்கு நடப்பாண்டு வரி ரசீது வேண்டியிருந்தது. கதவு எண்ணைத் தட்டிப் பார்த்தோம், பெயர் இல்லை. ‘பாட்டி, இந்த எண்ணில் வீடே இல்லையே’ என்றேன். அவர் முந்தானை முடிச்சை அவிழ்த்து, நான்காக மடித்த பழைய ரசீதை எடுத்து மேசையின் மேல் வைத்தார். ‘ஐயா, போன வருஷம் உங்கள் கையிலேதானே கட்டினேன்?’ என்றார். அந்த ரசீதில் இருந்தது என் கையெழுத்து.

பிறகுதான் தேடினோம். அவருடைய கதவு எண் ‘12அ’. பழைய பதிவேட்டில் கதவு எண்ணை எழுத்தாகவும் எழுதலாம். புதிய பதிவேட்டில் அந்தப் பத்தியை எண் மட்டும் ஏற்கும்படி அமைத்துவிட்டோம். ‘12அ’ எண் அல்லவாதலால் அந்த இடம் வெறுமையாயிற்று. கதவு எண் வெறுமையாக உள்ள வரிசையை ஏற்கலாகாது என்பது மற்றொரு விதி. ஆகவே அந்த வரிசையே தள்ளப்பட்டது. இவ்வாறு 17 வீடுகள் பதிவேட்டிலிருந்து மறைந்தன. அண்ணன் தம்பி பாகம் பிரித்துக்கொண்ட வீடுகளும், பின்கட்டில் குடியிருந்த விதவைகளின் வீடுகளுமே அவை.

கணினி இதை நமக்குச் சொல்லியிருக்கும். ‘இத்தனை வரிசைகளைச் சேர்க்க இயலவில்லை’ என்று ஆக்ஸெஸ் எச்சரிக்கை காட்டுவது வழக்கம். ஆனால் ஒவ்வொரு படியிலும் எச்சரிக்கை வந்து வேலையைத் தடுக்கிறதென்று, நிரலின் தொடக்கத்திலேயே எச்சரிக்கைகளை நிறுத்திவைக்கும் கட்டளையை நாங்களே எழுதியிருந்தோம். காவற்காரன் வாயைக் கட்டிவிட்டு, ‘திருடன் வந்தபோது ஏன் கூவவில்லை?’ என்று கேட்பதைப் போன்றது இது. அந்த மூதாட்டி ரசீதைத் தொலைத்திருந்தால் நாங்கள் எதை நம்பியிருப்போம் என்று எண்ணும்போது இன்றும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

பிழை நுழையும் வழிகள்

அனுபவத்தில் கண்ட சில வழிகளை வரிசையாகச் சொல்கிறேன்.

முதலாவது, நிரல் இயங்காமலேயே இருந்துவிடுதல். 2007ஆம் ஆண்டுப் பதிப்பு முதல், நம்பத்தக்கதென்று நாம் குறித்துக் கொடுத்த இடத்தில் இல்லாத பதிவேடுகளின் நிரல்களை ஆக்ஸெஸ் தானாகவே தடுத்துவைக்கிறது. மேக்ரோ வழியாகத் தீய நிரல்கள் பரவுவதைத் தடுக்கச் செய்த நல்ல ஏற்பாடு இது. ஆனால் இதை அறியாதவர் பொத்தானை அழுத்துவார், ஒன்றும் நடவாது. அல்லது பட்டியல் மட்டும் வரும். அதற்கு முன் நடக்க வேண்டிய கணக்கு நடந்திராது.

இரண்டாவது, துணை நூல்கள் காணாமற் போதல். நிரல் தனித்து இயங்குவதில்லை. கணினியில் உள்ள வேறு தொகுப்புகளின் உதவியை நாடும். புதிய கணினியில் அவற்றுள் ஒன்று இல்லாவிடில், அதனோடு தொடர்பே இல்லாத எளிய கட்டளைகளும், இன்றைய தேதியைக் கேட்பது போன்றவையுங்கூட, பிழை காட்டக்கூடும். அவ்வாறே, 2010ஆம் ஆண்டு முதல் வந்த 64 பிட் பதிப்பில், பழைய 32 பிட் காலத்தில் வெளி நூல்களை அழைத்து எழுதிய அறிவிப்புகளைத் திருத்தாமல் நிரல் ஏற்கப்படுவதில்லை. இவை வெளிப்படையான பிழைகள், வேலை நின்றுவிடும். நின்றுவிடுகிற பிழை நமக்கு நண்பன் என்றே சொல்வேன். உடனே கவனித்துவிடலாம்.

மூன்றாவது, தேதி. ஆண்டை இரண்டு இலக்கத்தில் எழுதும் பழக்கம் நம்மிடம் உண்டு. நெடுங்காலம் வழங்கிய ஒரு விதிப்படி, 00 முதல் 29 வரை எழுதினால் 2000 முதல் 2029 வரையென்றும், 30 முதல் 99 வரை எழுதினால் 1930 முதல் 1999 வரையென்றும் கணினி கொள்ளும். 1928ஆம் ஆண்டுப் பத்திரத்தை ‘28’ என்று பதிந்தால் அது 2028 ஆகிவிடும். இந்த எல்லை கணினியின் அமைப்பைப் பொறுத்து மாறவுங்கூடும். மேலும், நாம் நாளை முன்னும் மாதத்தைப் பின்னும் எழுதுகிறோம். ஆக்ஸெஸ் நிரலின் உள்ளே எழுதும் தேதியோ அமெரிக்க முறைப்படி மாதத்தை முதலில் கொள்ளும். ஆகவே ஜூன் 5 என்று நாம் எண்ணி 5/6 என எழுதினால் அது மே 6 ஆகும். 25/6 என்று எழுதினால், 25ஆவது மாதம் இல்லையாதலால், சரியாக ஜூன் 25 என்றே கொள்ளும். மாதத்தின் பிற்பகுதியில் சோதித்துப் பார்த்தவர் ‘எல்லாம் சரி’ என்று கையெழுத்திடுவார். அடுத்த மாதத் தொடக்கத்தில் தவறு புகும்.

நான்காவது, அரை ரூபாய்க் கணக்கு. எக்ஸெல் தாளில் 62.50ஐ முழு ரூபாயாக்கச் சொன்னால் 63 என்று தரும். ஆக்ஸெஸ் நிரலில் அதே பெயருள்ள கட்டளையைக் கொடுத்தால் 62 என்று தரும். சரிபாதி வரும்பொழுது அருகிலுள்ள இரட்டைப்படை எண்ணைக் கொள்வது அதன் விதி. இரண்டும் விதிப்படி சரியே. தாளில் இருந்த கணக்கைப் பதிவேட்டுக்கு மாற்றிய சங்கத்தில், மொத்தம் சில ரூபாய் குறைந்தால், காசாளரைச் சந்தேகிப்பதற்கு முன் இதை நினைக்க வேண்டும்.

ஐந்தாவது, தமிழெழுத்து. அரசு அலுவலகங்களில் வானவில் முதலிய எழுத்துருக்கள் நெடுநாள் வழங்கின. அவற்றில், ஆங்கில எழுத்துக்குரிய இடத்தில் தமிழெழுத்தின் வடிவத்தை அமர்த்தியிருந்தார்கள். 2010ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் தமிழக அரசு யூனிகோடு முறையைத் தரமாக ஏற்றது. பழைய முறையில் பதிந்த பெயர்களை முறையாக மாற்றாமல் புதிய பதிவேட்டில் சேர்த்தால், ஒரே ஊரார் இரு மொழியினராகிவிடுவர். ‘முருகன்’ என்று தேடினால் புதிய முருகன் அகப்படுவார். பழைய முருகன் அகப்படார்.

ஆறாவது, எல்லாவற்றிலும் கொடியது. ‘தவறு நேர்ந்தாலும் பொருட்படுத்தாமல் அடுத்த வரிக்குச் செல்’ என்று பொருள்படும் ஒரு கட்டளை நிரல் மொழியில் உண்டு. அவசரக்காரர்கள் அதை நிரலின் தலையிலேயே எழுதிவிடுவார்கள். கரை உடைந்ததைக் கண்டும் காணாமல் நடந்து போகிற நீர்பாய்ச்சிக்கு ஒப்பானது அந்த நிரல். புதிய பதிப்பில் பத்து இடங்களில் தவறினாலும், முடிவில் ‘வேலை முடிந்தது’ என்று செய்தி காட்டும்.

பிற நாடுகளின் படிப்பினை

இவை நம் ஊர்ச் சிறு அலுவலகங்களுக்கு மட்டும் நேர்பவை என்று எண்ண வேண்டாம். 1996ஆம் ஆண்டு ஜூன் 4ஆம் நாள், ஐரோப்பியர் ஏரியான்-5 என்னும் புதிய ஏவுகணையை முதன்முறையாக விண்ணில் செலுத்தினர். அதில் பழைய ஏரியான்-4இல் நன்றாகப் பணிசெய்த நிரலின் ஒரு பகுதியை அப்படியே வைத்திருந்தனர். புதிய ஏவுகணையின் வேகம் மிகுதி. அந்த வேகத்தைக் குறிக்கும் எண், பழைய நிரல் ஒதுக்கிய சிறிய இடத்தில் அடங்கவில்லை. நாற்பது வினாடி ஆவதற்குள் ஏவுகணை வழிதவறிச் சிதறியது. பழைய வாகனத்தில் குற்றமற்றிருந்த நிரல் புதிய வாகனத்தை அழித்துவிட்டது.

2020ஆம் ஆண்டு செப்டம்பர் இறுதியில், இங்கிலாந்தில் கொரோனா நோயாளிகளின் பட்டியலில் 15,841 பேர் விட்டுப்போயினர். பழைய எக்ஸெல் கோப்பு முறையில் 65,536 வரிசைகளுக்கு மேல் இடமில்லை என்பதே காரணம். நிறைந்த படியில் மேலும் நெல்லைக் கொட்டினால் கீழே சிந்துவது கண்ணுக்குத் தெரியும். இங்கே சிந்தியது தெரியவில்லை.

இவற்றினும் துயரமான வரலாறு இங்கிலாந்தின் அஞ்சல் துறையில் நடந்தது. 1999 முதல் அங்கே சிறு அஞ்சலகங்களில் ‘ஹொரைசன்’ என்னும் கணினிக் கணக்கு முறை புகுத்தப்பட்டது. கணக்கில் பணம் குறைவதாகக் கணினி காட்டியது. கணினி பொய் சொல்லாது என்று நம்பி, 900க்கும் மேற்பட்ட அஞ்சலகப் பொறுப்பாளர்கள் குற்றவாளிகளாகத் தீர்ப்பிடப்பட்டனர். சிலர் சிறை சென்றனர். பலர் கைப்பொருளை இழந்தனர். அந்த முறையில் பிழைகள் இருந்தன என்று 2019ஆம் ஆண்டு உயர்நீதிமன்றம் கண்டது. 2024ஆம் ஆண்டில் தனிச் சட்டம் இயற்றித் தீர்ப்புகளை நீக்க வேண்டியதாயிற்று. இழந்த ஆண்டுகளை எந்தச் சட்டமும் மீட்டுத் தராது.

நம் நாட்டிலும் ஒரு பாடம் உண்டு. 1979 முதல் 1987 வரை தமிழகத்தில் நடந்த நிலவுடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டத்தில் சில இடங்களில் பெயரும் பரப்பும் தவறாக ஏறின. பின்னர் நிலப்பதிவுகள் கணினிக்கு மாறியபொழுது அப்பிழைகளும் உடன் ஏறிக்கொண்டன. அவற்றைத் திருத்தக் கோரி அலைந்த விவசாயிகள் இக்கூட்டத்திலும் இருக்கலாம். முதல் கோணல் முற்றும் கோணல் என்பது இதுதான். கணினி பிழையைக் கழுவித் தருவதில்லை, அச்சிட்டுத் தருகிறது.

செய்ய வேண்டியவை

இவ்வளவையும் கேட்டுவிட்டு, ‘அப்படியானால் பழைய பதிப்பையே வைத்துக்கொள்வோம்’ என்று நினைக்கலாகாது. 2013ஆம் ஆண்டு ஆக்ஸெஸ் பதிப்பு, 1997ஆம் ஆண்டுப் பதிப்பின் கோப்புகளைத் திறக்கவே மறுத்துவிட்டது. காலத்தே மாற்றாதவர், பின்னர் மாற்ற வழியின்றித் தவிப்பர். மாற்றத்தான் வேண்டும், அளந்து மாற்ற வேண்டும். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்றனர் நம் முன்னோர்.

ஒன்று: மாற்றுவதற்கு முன் பழைய பதிவேட்டின் படியை இரண்டு இடங்களில் பத்திரப்படுத்துங்கள். ஒன்று அலுவலகத்துக்கு வெளியே இருக்கட்டும். அந்தப் படி உண்மையிலேயே திறக்கிறதா என்று திறந்து பாருங்கள்.

இரண்டு: மாற்றும் வேலையைப் படியின் மீதே செய்து பாருங்கள், மூலத்தின் மீது செய்யாதீர்கள்.

மூன்று: மாற்றும் முன்னும் பின்னும் மூன்று எண்களைத் தாளில் எழுதி ஒப்பிடுங்கள். மொத்த வரிசைகள் எத்தனை, மொத்தத் தொகை எவ்வளவு, மொத்தப் பாக்கி எவ்வளவு? இந்த மூன்றில் ஒன்று மாறினாலும் வேலை முடியவில்லை என்று கொள்ளுங்கள். எங்கள் அலுவலகத்தில் வரிசைகளை மட்டும் எண்ணியிருந்தால் அந்த மூதாட்டி அலைந்திருக்க மாட்டார்.

நான்கு: கடினமானவற்றைத் தேர்ந்து சோதியுங்கள். ‘12அ’ போன்ற கதவு எண், ஒரே பெயருள்ள இருவர், முன்னெழுத்து இல்லாதவர், பிப்ரவரி 29, மாதத்தின் முதல் 12 நாட்கள், அரை ரூபாய், பாக்கியே இல்லாதவர் ஆகிய இவற்றில்தான் நிரல் தடுமாறும்.

ஐந்து: ஓரிரு மாதங்கள் பழைய முறையையும் புதிய முறையையும் சேர்த்து நடத்துங்கள். உழைப்பு இரட்டிப்பாகும், உண்மைதான். புது மாட்டைப் பழக்கும்போது பழைய மாட்டோடு சேர்த்துத்தானே ஏரில் பூட்டுகிறோம்?

ஆறு: எச்சரிக்கைகளை நிறுத்தாதீர்கள். தவறு நேர்ந்தால் எந்த நாளில், எந்த வரிசையில், என்ன தவறு என்று தனிப் பட்டியலில் எழுதிவைக்கும்படி நிரலை அமைக்கச் சொல்லுங்கள்.

ஏழு: நிரலில் செய்த ஒவ்வொரு மாற்றத்தையும், செய்தவர் பெயரோடும் தேதியோடும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதிவையுங்கள். நிரலின் மர்மம் ஒருவருக்கு மட்டும் தெரிந்திருக்கலாகாது. அவர் மாற்றலாகிப் போனால் பதிவேடு அநாதையாகிவிடும்.

இவை அலுவலகத்தார் செய்ய வேண்டியவை. ஊராருக்கும் ஒரு கடமை உண்டு. ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். பதிவேடு மாறியதென்று கேள்விப்பட்டால், உங்கள் பெயர், கதவு எண், பாக்கி ஆகியவை சரியாக உள்ளனவா என்று கேட்டறியுங்கள். தமிழகத்தில் 2022 முதல் கிராம சபை கூடும் நாட்கள் ஆண்டுக்கு ஆறாக உயர்த்தப்பட்டுள்ளன. ஊராட்சிப் பதிவேட்டை மாற்றியவுடன் வரும் கிராம சபையில், விட்டுப்போன பெயர் உண்டா என்று தெருவாரியாகக் கேட்கச் செய்வீர்களாக. எந்த நிரலும் காணாத பிழையை, பக்கத்து வீட்டுக்காரர் ஒரு நொடியில் கண்டு சொல்வார்.

பொறுப்பில் அமரும் நண்பர்களுக்கு இறுதியாக ஒரு விண்ணப்பம். கணினி ஒன்று சொல்லி, எதிரே நிற்கும் மனிதர் வேறொன்று சொன்னால், மனிதர் பொய் சொல்கிறார் என்று தொடங்காதீர்கள். ‘இருங்கள், பார்க்கிறேன்’ என்று தொடங்குங்கள். அன்று நான் அந்த மூதாட்டியிடம் முதலில் சொல்லியிருக்க வேண்டியது அந்த இரண்டு சொற்களே. ரசீது மேசைக்கு வந்த பிறகுதான் அவை என் வாயில் வந்தன. 17 வீடுகளையும் மறுபடி பதிவேட்டில் ஏற்றி, புதிய ரசீதை அவர் கையில் கொடுத்தபோது, அவர் அதையும் நான்காக மடித்து முந்தானையில் முடிந்துகொண்டார். பழைய ரசீதைத் திருப்பிக் கேட்டு வாங்கிக்கொள்ளவும் அவர் மறக்கவில்லை. எங்கள் கணினியை விட அவர் முந்தானை முடிச்சு நம்பகமானது என்பதை அவர் அறிந்திருந்தார். அந்த நம்பகத்தை நம் பதிவேடுகளும் பெற வேண்டும்.